விசிட்டர்ஸ் புக்கில் கையெழுத்துப் போடாதவர்

உங்கள் வீட்டில் எலி இருந்தால் அது உங்கள் எலி. பக்கத்து வீட்டில் இருந்தால் அவர்கள் எலி. மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்த வீட்டில் எலி இருந்தால், அது யாருடைய எலி?

நான் பி.காம். படித்தவன். எது சொத்து, எது கடன், எதை இடது பக்கம் எழுதணும், எதை வலது பக்கம் எழுதணும் என்று மூன்று வருஷம் எழுதி எழுதிக் கை வலித்தவன். ஆனால், எலியை எந்தப் பக்கம் எழுதுவது என்ற கேள்வி கொடைக்கானலில்தான் வந்தது.

2025 காலாண்டு லீவு. நான், மனைவி, எட்டாவது படிக்கும் மகள், யு.கே.ஜி. படிக்கும் மகன், 73 வயதில் அம்மா என ஐந்து பேர் கிளம்பினோம். நான் வழக்கம்போல ஓட்டலில் இரண்டு ரூம் போடலாம் என்றேன். “ஆளுக்கொரு ரூம்ல அடைஞ்சு கிடக்கறதுக்கு எதுக்குங்க அவ்வளவு தூரம்? கிச்சனோட ஒரு வீடா எடுங்க. அத்தைக்கு ஒரு ரசம் வெச்சுக் குடுக்கலாம்” என்றாள் மனைவி. வீட்டு நிதியமைச்சர் சொன்னால் அப்பீல் கிடையாது.

செல்போனில் வீடு தேடினோம். சிவப்பு ஓடு, வெள்ளைச் சுவர், வாசலில் ஒரு பேரிக்காய் மரம், பின்னால் பள்ளத்தாக்கு. ஒரு நாள் வாடகை 4,500 ரூபாய். மூன்று நாளைக்குப் பணம் கட்டி, இ-பாஸ் எடுத்து, பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி, விடியற்காலையில் கொடை ரோட்டில் இறங்கி, வேன் பிடித்து மலை ஏறினோம். பூம்பாறை போகிற ரோட்டில், ஊரைத் தாண்டி வீடு. போட்டோவில் பார்த்த மாதிரியே இருந்தது. அதுவே பெரிய அதிசயம், இல்லையா?

வாட்ச்மேன் அறுபது வயது மனிதர். மஃப்ளர், ஸ்வெட்டர், அதற்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர். சாவியைக் கொடுத்துவிட்டு, ஹாலில் இருந்த ஒரு நோட்டைக் காட்டினார். “போறப்ப இதுல ரெண்டு வரி எழுதிட்டுப் போங்க சார். ஓனர் ஆசைப்படுவாரு.”

விசிட்டர்ஸ் புக். எனக்கு இந்த மாதிரி நோட்டுகள் என்றால் உயிர். காபி வருவதற்குள் முக்கால்வாசி படித்துவிட்டேன். ‘சூப்பர் ஸ்டே.’ ‘ஹெவன் ஆன் எர்த்.’ ‘வியூ அருமை.’ ‘வியூ பிரமாதம்.’ ‘வாட்ச்மேன் அங்கிள் வெரி நைஸ்.’ யாரோ ஒரு குழந்தை சூரியனும் மலையும் வரைந்திருந்தது. குறை சொல்லி ஒரு வரி இல்லை.

ஆடிட்டிங் பேப்பரில் ‘ட்ரூ அண்ட் ஃபேர் வியூ’ என்று ஒன்று படித்திருப்போம். கம்பெனியின் கணக்கு உண்மையான, நியாயமான தோற்றத்தைக் காட்டுகிறது என்று ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார். இந்த நோட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் அத்தனை பேரும் வியூவை மட்டும்தான் பார்த்திருந்தார்கள். ட்ரூவா, ஃபேரா என்பதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை.

முதல் ராத்திரி பதினொன்றரை இருக்கும். கரக்... கரக்... கரக்.

மலையில் ராத்திரி எவ்வளவு நிசப்தம் என்று உங்களுக்குத் தெரியும். சென்னையில் லாரி போனாலும் தூங்குகிறவனை, இங்கே ஒரு சின்ன ‘கரக்’ எழுப்பிவிடுகிறது. கிச்சனில் லைட் போட்டேன். மேடையில் பிரெட் பாக்கெட்டின் மூலை கத்தரித்த மாதிரி திறந்திருந்தது. பக்கத்தில் கறுப்பாக நாலைந்து மணிகள். அடுப்புக்குப் பின்னால் ஒரு வால் மறைந்தது.

என் பின்னாலேயே மகள் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் அம்மா. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து அந்த மணிகளைப் பார்த்தாள். ஜோசியர் ஜாதகம் பார்ப்பது போன்ற முகம்.

“பெருச்சாளி இல்ல. எலியும் இல்ல. சுண்டெலிடா.”

அம்மா தஞ்சாவூர் ஜில்லாவில் நெல் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவள். இதில் அவள் பிஹெச்.டி. பெரிய எலி போடுவது ஒரு அரை அங்குலத்துக்கு இருக்கும். சுண்டெலி போடுவது அரிசி மணியைவிடச் சின்னது, நுனி கூராக இருக்கும். மூஞ்சூறு வந்தால் அடிக்கவே கூடாது, அது கரப்பானைத் தின்னும் என்பாள். பிள்ளையாருக்காகச் சொல்கிறாள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மூஞ்சூறு எலி இனமே இல்லை, பூச்சி தின்னும் பிராணி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா சொன்னது சரி.

“ஒண்ணு கண்ணுல பட்டா பத்து இருக்கும்” என்று சொல்லிவிட்டு அம்மா படுக்கப் போய்விட்டாள்.

அதுவும் சரிதான். சுண்டெலிக்குக் கர்ப்பம் மூன்றே வாரம். ஒரு பிரசவத்துக்கு ஐந்தாறு குட்டி. அந்தக் குட்டிகள் ஆறேழு வாரத்தில் அப்பா அம்மா ஆகத் தயார். கூட்டு வட்டிக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்த கல்லூரியிலும் கிடையாது. பென்சில் நுழைகிற ஓட்டை இருந்தால் போதும், உள்ளே வந்துவிடும். தண்ணீர்கூடப் பெரிதாகத் தேவையில்லை. தின்பதில் இருக்கிற ஈரமே அதற்குப் போதும்.

யோசித்துப் பாருங்கள், சுண்டெலிக்கு விடுமுறை வீட்டைவிட வசதியான இடம் எது? சனி, ஞாயிறு ஆட்கள் வருகிறார்கள். பிஸ்கட், முறுக்கு, சிப்ஸ் என்று சிந்திவிட்டுப் போகிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை வீடு காலி. வெளியே குளிர், உள்ளே கதகதப்பு. பூனை கிடையாது. நிரந்தரமாக இருந்து சண்டை போட ஒரு குடும்பத்தலைவி கிடையாது.

காலையில் வாட்ச்மேனிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“குளிருக்கு வருது சார். அதுவும் எங்கதான் போகும்? நைட்டு அட்டை வெச்சிடறேன்.”

அட்டை என்றால் பசை அட்டை. புத்தகம் மாதிரி மடித்திருக்கும், விரித்தால் உள்ளே பளபளவென்று பசை. மருந்து இல்லை, ரத்தம் இல்லை, ரொம்ப நாகரிகமான பொருள் என்று நினைத்தேன். சரி என்று தலையாட்டினேன்.

எங்கள் வீட்டில் மரப்பொறிதான். மசால் வடை வாங்கி வருவது என் டிபார்ட்மென்ட். பாதி வடை பொறிக்கு, பாதி எனக்கு. காலையில் பொறியைத் தூக்கிக்கொண்டு அப்பா வாய்க்கால் பக்கம் போவார். நான் கூட வருகிறேன் என்றால் விட மாட்டார். அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பி வந்து கை கால் கழுவிக்கொண்டு, கொஞ்ச நேரம் யாரோடும் பேசாமல் பேப்பர் படிப்பார்.

இரண்டாவது ராத்திரி, இரண்டு மணிக்குக் கத்தல் கேட்டது. எலி கத்துவதை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? கீச் என்று ஒரு தடவை கத்துவது வேறு. இது விடாமல் கத்துகிறது. போய்ப் பார்த்தேன். கட்டை விரல் நீளத்துக்கு ஒரு ஜீவன். நாலு காலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு காலை இழுக்கப் போய் வயிறும் ஒட்டிவிட்டது. இன்னும் இழுக்கிறது. இழுக்க இழுக்க முடி பிய்கிறது. கண் மட்டும் மிளகு மாதிரி என்னைப் பார்க்கிறது.

பசை அட்டை எலியைக் கொல்வதில்லை. கொல்லும் வேலையை உங்களிடம் விட்டுவிடுகிறது. நீங்கள் செய்யாவிட்டால் பசியும் தாகமும் பயமும் மணிக்கணக்கில் அந்த வேலையைச் செய்யும். பெரும்பாலான பேர் அட்டையை மடித்துக் குப்பையில் போட்டுவிடுகிறோம், உயிரோடு. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைக் காட்டி, இந்த அட்டை வேண்டாம் என்று விலங்குகள் நல வாரியம் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. கடையில் என்னவோ இன்னும் தொங்குகிறது.

எனக்கு முன்னால் மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். “அப்பா, எடுத்து விடுப்பா.”

எப்படி எடுப்பது? மனைவிதான் யோசித்தாள். “எண்ணெய் ஊத்தினா பசை விடும்.” பிளாஸ்டிக் கவரைக் கையில் சுற்றிக்கொண்டு, அட்டையை வாசலுக்குக் கொண்டுபோய், சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். ராத்திரி இரண்டேகால் மணி, பத்து டிகிரி குளிர், லுங்கியும் ஸ்வெட்டருமாக நான் சுண்டெலிக்கு எண்ணெய்க் குளியல் செய்விக்கிறேன். பத்து நிமிஷத்தில் ஒவ்வொரு காலாக விட்டது. புல்லில் உருண்டு, தடுமாறி, இருட்டுக்குள் போனது.

“பொழைச்சுக்குமாப்பா?”

“ஓ, பேஷா.”

உடம்பெல்லாம் எண்ணெய், வயிற்றில் முடி இல்லை, வெளியே குளிர். அது பிழைத்திருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன். நம்முடைய அருமையான பழக்கம் அது. அடுத்தவர் மனசு சங்கடப்படக் கூடாது என்று உண்மையை மடித்து வைத்துவிடுவது.

மூன்றாம் நாள் காலை. அன்றைக்கு ஏரியில் படகு என்று பையனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவன் பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போயிற்று. தவழ்ந்து உள்ளே போனவன், பந்து ஒரு கையிலும் வேறொன்று இன்னொரு கையிலுமாக வெளியே வந்தான்.

“அப்பா, ப்ளூ கலர் மைசூர்பாகு!”

நீல நிறத்தில் ஒரு சதுரக் கட்டி. எலி மருந்து கேக். ஒரு மூலை கரும்பியிருந்தது.

யார் கரும்பியது?

அந்த ஒரு நிமிஷத்தை எப்படிச் சொல்வேன்? மனைவி அவன் வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்க்கிறாள். “சாப்பிட்டியா? சொல்லுடா, சாப்பிட்டியா?” அம்மா திட்டும் குரலில் கேட்டால் எந்தக் குழந்தை உண்மை சொல்லும்? அவன் ‘இல்லை’ என்று அழுகிறான். அப்புறம் ‘கொஞ்சூண்டு’ என்கிறான். அப்புறம் மறுபடி ‘இல்லை.’ என் அம்மா உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடி வருகிறாள், வாந்தி எடுக்க வைக்க.

மதுரையில் டாக்டராக இருக்கிற பள்ளிக்கூட நண்பனுக்கு போன் போட்டேன். என் குரலைக் கேட்டதுமே அவன் சொன்னது:

“பதறாத. வாந்தி எடுக்க வைக்காதே. உப்புத் தண்ணி, புளித் தண்ணி எதுவும் வேணாம். வாயை நல்லா தொடச்சு விடு. கையை சோப்புப் போட்டுக் கழுவு. முதல்ல அந்த மருந்து என்னன்னு பாரு. பாக்கெட் எங்க?”

பாக்கெட் எங்கே என்று எனக்கு எப்படித் தெரியும்? என் வீடா அது? வெளியே ஓடி, வாட்ச்மேனைப் பிடித்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஷெட்டிலிருந்து தேடி எடுத்து வந்தார். ‘புரோமாடியோலோன்’ என்று போட்டிருந்தது. போனில் படித்தேன்.

நண்பன் பெருமூச்சு விட்டது கேட்டது. “சரி. இது ரத்தத்தை உறைய விடாம பண்ற மருந்து. உடனே ஒண்ணும் தெரியாது, ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் வேலையைக் காட்டும். கொஞ்சம் நக்கியிருந்தாலும் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனாலும் விடக் கூடாது. மாத்து மருந்து இருக்கு, விட்டமின் கே. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, பாக்கெட்டையும் எடுத்துட்டுப் போ. பேஸ்ட்டா இல்லாம போச்சேன்னு சாமியைக் கும்பிடு.”

பேஸ்ட் என்று அவன் சொன்னது மஞ்சள் பாஸ்பரஸ். பற்பசை மாதிரி ட்யூபில் வரும். முதல் நாள் ஒன்றும் தெரியாது, சாதாரண வயிற்று வலி மாதிரி இருந்துவிட்டு அடங்கும்; அதற்குள் ஈரல் போய்விடும். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. இதனால் போன உயிர்களைப் பார்த்துத்தான் அதன் விற்பனைக்கு எதிராகத் தமிழக அரசு ஆணை போட வேண்டி வந்தது.

ஆஸ்பத்திரிக்கு வேனில் போகும்போது எனக்கு குன்றத்தூர்தான் ஞாபகத்தில் ஓடியது. 2024 நவம்பரில் செய்தி படித்திருப்பீர்கள். ஒரு வீட்டில் எலித் தொல்லை என்று ஆட்களைக் கூப்பிட்டு மருந்து வைத்தார்கள். ராத்திரி ஏசி போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு குடும்பமே தூங்கியது. விடிந்தபோது எல்லோருக்கும் வாந்தி, மயக்கம். இரண்டு குழந்தைகளும் போய்விட்டன. அந்தச் செய்தியைப் படித்த அன்று காபி குடித்துக்கொண்டே, ‘விசாரிக்காம இப்படியா வைப்பாங்க?’ என்று தீர்ப்புச் சொன்னவன்தான் நான். இப்போது என் மகன் கரும்பினானா, எலி கரும்பியதா என்று தெரியாமல் ஒரு நீலக் கட்டியை பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்திருக்கிறேன்.

டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். நிதானமானவர். பையனின் நாக்கு, பல், ஈறு எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்தார். நீலம் எங்கேயும் இல்லை. அப்புறம் கட்டியை வாங்கி, கரும்பிய மூலையை வெளிச்சத்தில் காட்டினார்.

“பாருங்க சார், சன்னமா ரெண்டு ரெண்டு கோடா போகுது. உளியால செதுக்கின மாதிரி. இது எலிப் பல்லு. உங்க பையன் கடிச்சிருந்தா இப்படி இருக்காது.”

என் மனைவி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இருந்தாலும் இரண்டு நாள் கழித்து ரத்தம் உறையும் நேரத்துக்கு ஒரு டெஸ்ட் எடுத்துவிடச் சொன்னார் டாக்டர். அதைச் சென்னையில் எடுத்தோம், நார்மல். அந்த இரண்டு நாளும் பையன் ஈறில் ரத்தம் வருகிறதா என்று மணிக்கொரு தடவை பார்த்தோம். அவன் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்து, எங்களைப் பார்த்தாலே ‘ஈ’ என்று காட்டினான்.

வீட்டுக்குத் திரும்பினோம். வாட்ச்மேன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டிருக்க மாட்டார். “ஒண்ணும் இல்லீங்களே சார்?”

“ஒண்ணும் இல்ல. யாரண்ணே வெச்சது அதை?”

“நாந்தான் சார். போன மாசம் ஒரு ஃபேமிலி வந்தாங்க. எலி ஓடுதுன்னு ஒரே சத்தம். ஓனர் மருந்து வாங்கி வெக்கச் சொன்னாரு. நாலு ரூம்லயும் வெச்சேன். எடுக்கணும்னு நெனச்சேன், மறந்துட்டேன். வயசாயிருச்சு சார்.”

போன மாதம் வந்த ஃபேமிலி! உள்ளே போய் அந்த நோட்டை எடுத்தேன். போன மாதப் பக்கங்களைப் புரட்டினேன். அங்கே எலிக்காக ஒரே சத்தம் போட்ட அந்த மகானுபாவர்கள் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? ‘அமேசிங் ப்ளேஸ். வில் கம் அகெய்ன்.’ கீழே ஒரு ஸ்மைலி.

ரத்தம் கொதித்தது. ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் நான் வந்த அன்றே கட்டிலுக்கு அடியில் பார்த்திருப்பேனே! ஓனருக்கு போன் போட்டேன். பெங்களூரில் இருப்பவர். ரொம்ப மரியாதையான மனிதர்.

“அய்யய்யோ, ரொம்ப சாரி சார். குழந்தை ஓகேதானே? ஹில்ஸ்ல இதெல்லாம் சகஜம் சார். ஒரு 1,500 ரூபாய் உங்களுக்குத் திருப்பி அனுப்பிடறேன். நோட்ல மட்டும் ஒண்ணும் எழுத வேண்டாம், ப்ளீஸ். எல்லாரும் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்துப் போட்டுடறாங்க.”

போனை வைத்த இரண்டாவது நிமிஷம் பணம் வந்துவிட்டது. டிங்.

‘வாங்குபவனே, ஜாக்கிரதையாக இரு’ என்று வணிகச் சட்டத்தில் ஒரு கொள்கை உண்டு. பொருளைப் பார்த்து வாங்க வேண்டியது உன் பொறுப்பு. ஆனால், விற்பவனுக்குத் தெரிந்த குறையை அவன் மறைத்து வைத்தால்? அதற்கு முன்னால் வாங்கியவனும் மறைத்தால்? அடுத்து வாங்குகிறவன் எதைப் பார்த்து ஜாக்கிரதையாக இருப்பான்?

பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு வரியில் கிழித்துவிட வேண்டும் என்று ஆவேசம். வாட்ச்மேன் வந்து பக்கத்தில் நின்றார்.

“சார், தப்பு என்னோடதுதான். நோட்டுல எழுதினீங்கன்னா ஓனரு என்னையத்தான் கேப்பாரு. இந்த வயசுல எனக்கு வேற எவன் சார் வேலை குடுப்பான்?”

இப்போது சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? எழுதினால் இவர் வேலை போகும். எழுதாவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு குழந்தை இந்தக் கட்டிலுக்கு அடியில் தவழும். போன மாதம் ஸ்மைலி போட்டவர்களிடமும் இவர் இப்படித்தான் கெஞ்சியிருப்பார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. என்னை மாதிரி நல்லவர்கள். அதுதான் வயிற்றைக் கலக்கியது.

1896-ல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு என்று ஒன்று. ஆடிட்டர் என்பவர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல என்று நீதிபதி சொன்னார். இதைப் பரீட்சையில் எழுதாத பி.காம். மாணவன் இருக்க முடியாது. துருவித் துருவித் தேட வேண்டாம், சரி. ஆனால், கண்ணெதிரே திருடன் வந்தால் காவல் நாய் குரைக்க வேண்டும், இல்லையா? 1,500 ரூபாய் எலும்பைப் போட்டதும் வாலாட்டினால் அது என்ன நாய்?

பேனாவை மூடினேன். “அண்ணே, வாங்க. முதல்ல வேலையைப் பாப்போம்.”

பையனை அம்மா பக்கத்தில் தூங்க வைத்துவிட்டு, நானும் மனைவியும் மகளும் வாட்ச்மேனும் வீட்டைச் சல்லடை போட்டுத் தேடினோம். கைக்கு பிளாஸ்டிக் கவர், கையில் டார்ச். நாலு ரூமில் வைத்தவற்றில் மூன்று கிடைத்தன, பையன் எடுத்ததோடு சேர்த்து நாலு. எண்ணிக்கை சரியான பிறகுதான் மூச்சு வந்தது.

எச்சங்களை அம்மா பெருக்கக் கிளம்பினாள். நண்பன் அதற்கும் போனிலேயே தடை போட்டுவிட்டான். காய்ந்ததைப் பெருக்கினால் தூசியாகப் பறந்து மூக்குக்குள் போகும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, ஐந்து நிமிஷம் ஊற விட்டு, பேப்பரால் துடைத்து எடுத்து, பேப்பரை ஒரு கவரில் கட்டிப் போட வேண்டும். அப்படியே செய்தோம்.

பிறகு ஓட்டை. எலிக்கு விடிவு காலம் என்பது மருந்திலும் இல்லை, பொறியிலும் இல்லை, ஓட்டையில் இருக்கிறது. சிங்க்குக்குக் கீழே பைப் வெளியே போகிற இடத்தில் சுவரில் ஒரு எலுமிச்சம்பழம் அளவு இடைவெளி. கேஸ் ட்யூப் வரும் இடத்தில் ஒன்று. பின் கதவுக்கு அடியில் ஒரு விரல் சந்து. இத்தனை வாசல் திறந்து வைத்துவிட்டு எலியைக் குறை சொல்லி என்ன பயன்?

பஜாருக்குப் போய், பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நார் ஒரு டஜன், சிமென்ட் இரண்டு கிலோ, கதவுக்கு அடியில் அடிக்க ரப்பர் பட்டை, மூடி இறுக்கமான தகர டப்பா நாலு வாங்கினோம். மொத்தம் 1,380 ரூபாய். ஸ்டீல் நாரைத் திணித்து, அதன் மேல் சிமென்ட் பூசினார் வாட்ச்மேன். சும்மா சிமென்ட் வைத்தால் காய்வதற்குள் தோண்டிவிடும். நாரைக் கடிக்க எலிக்குப் பிடிக்காது. அரிசி, பருப்பு, சர்க்கரை, பிஸ்கட் எல்லாம் டப்பாவுக்குள் போயிற்று. அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்த்தாள். “அந்த மூலையில இன்னும் கொஞ்சம் பூசுப்பா.” வாட்ச்மேன், “சரிங்கம்மா, சரிங்கம்மா” என்று பூசிக்கொண்டே இருந்தார். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. சிமென்ட் தூசியாகவும் இருக்கலாம்.

ஏரிப் படகு போயே போயிற்று. கணக்குப்படி ஓனர் பணத்தில் 120 ரூபாய் மிச்சம். அதில் எல்லோரும் சூடாக மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம்.

மறுநாள் காலை கிளம்பும்போது நோட்டை எடுத்தேன். ஆடிட்டிங்கில் மூன்றாவது ஒரு வழி உண்டு. கணக்கு சரி என்றும் சொல்லாமல், மோசடி என்றும் சொல்லாமல், ‘சரிதான், ஆனால் இன்னின்ன விஷயத்துக்கு உட்பட்டு’ என்று எழுதுவது. குவாலிஃபைட் ரிப்போர்ட் என்பார்கள். நான் தமிழில் எழுதினேன்:

‘வியூ நன்றாக இருக்கிறது. சுண்டெலியும் இருக்கிறது. இது எந்த மலை வீட்டிலும் நடக்கும். மூன்று ஓட்டைகளை அடைத்திருக்கிறோம். சாப்பாட்டுச் சாமான்களை டப்பாவில் வையுங்கள், ராத்திரி மேடையில் எதுவும் விடாதீர்கள். நீல நிறக் கட்டி எங்கேயாவது கண்ணில் பட்டால் அது எலி மருந்து, குழந்தைகளைத் தொட விடாதீர்கள். வந்ததும் ஒருமுறை கட்டிலுக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஓட்டைகளை அடைத்தவர் வாட்ச்மேன் அண்ணன். அவரிடம் சொன்னால் செய்வார்.’

வாட்ச்மேனிடம் படித்துக் காட்டினேன். கடைசி இரண்டு வரியை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

ரயிலில் மகளிடம் இன்னொரு விஷயமும் சொன்னேன். “அன்னிக்கு ராத்திரி அந்தச் சுண்டெலி பொழைச்சுக்கும்னு சொன்னேன் பார், அது பொய்ம்மா.” அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே, “எனக்குத் தெரியும்ப்பா” என்றாள்.

டிசம்பரில் என் ஆபீஸ் நண்பர் கொடைக்கானல் போனார். அதே வீடு. அந்த நோட்டில் என் பக்கம் இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். தேடிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

“உங்க பக்கத்தைக் காணோம் சார். கிழிச்ச தடம் இருக்கு.”

எதிர்பார்த்ததுதான். “எலி?”

“சத்தமே இல்ல. தகர டப்பா எல்லாம் இருக்கு. ஆனா, அந்த வாட்ச்மேன் ஒரு மாதிரி ஆளு சார். சாவியைக் குடுக்கறதுக்கு முன்னாடி, டார்ச்சை எடுத்துட்டு ஒவ்வொரு ரூமா போய், கட்டிலுக்கு அடியில குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டு வந்தாரு. எதைத் தேடறீங்கன்னு கேட்டேன். ‘ஒண்ணும் இல்ல சார், குழந்தைங்க வந்திருக்காங்கள்ல’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.”